வாய் கீழ்த்தளம், வயிறு மூன்றாம் மாடி

நிக்கானோர் ஒவெலாரின் கடைவாய்ப் பல் ஒரு கோலின் நடுவில் வலிக்கத் தொடங்கியது.

சான் ஹிலாரியோ வானொலியில் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து வர்ணனை அவருடையது. பராகுவே முழுக்க வர்ணனையாளர்கள் உண்டு. ஆனால் நிக்கானோர் "கோ" என்று ஆரம்பித்தால், "ல்" வந்து சேர்வதற்குள் கேட்பவர் எழுந்துபோய் ஐஸ்பெட்டியிலிருந்து பீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிடலாம். அன்று உள்ளூர் அணி போட்ட கோலுக்கு "கோஓஓஓ" என்று இழுத்தவர் பாதியில் "ஐயோ" என்று முடித்தார். நடுவர் கோலை ரத்து செய்துவிட்டாராக்கும் என்று எண்ணி, பேருந்து நிலைய மதுக்கடையில் இருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. மனைவி ஒப்துலியா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுபவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு புருஷனை ஏற்றிக்கொண்டுபோய் மாளிகை வாசலில் விட்டாள்.

தேசியச் சேமநல மருத்துவ மாளிகை என்பது அதன் முழுப்பெயர். சம்பளக்காரர்கள் எல்லாரிடமும் மாதாமாதம் பிடித்தம் செய்து, அவர்கள் நோயுறும்போது வரிசையில் நிற்க நிழல் தரும் நிறுவனம் அது. கீழ்த்தளத்தில் வாய். மூன்றாம் மாடியில் வயிறு. நடுவிலிருந்த இரண்டு மாடிகளையும் நிர்வாகம் எடுத்துக்கொண்டிருந்தது. நோயாளிகளின் நடுவே இருந்தால்தான் அவர்கள் தேவை புரியும் என்பது காரணம். அந்த இரண்டு மாடிகளிலும் லிஃப்ட் நிற்கும். நோயாளிக்குத்தான் கதவு திறக்காது.

வாய்த் துறையின் தலைவர் டாக்டர் மரேக்கோஸ் விளக்கை இழுத்து நிக்கானோரின் முகத்தில் பாய்ச்சினார்.

"திறங்க. இன்னும். ரேடியோவுல இதைவிடப் பெருசாத் திறப்பீங்களே."

குச்சியால் பல்லைத் தட்டினார். நிக்கானோர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.

"பல்லு போச்சு. பிடுங்கணும். ஆனா ஈறு வீங்கிக் கிடக்கு, வடியட்டும். இது ஆன்டிபயாடிக், இது வலி மாத்திரை. மூணு வேளை."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா டாக்டர்?"

மரேக்கோஸ் கண்ணாடியைக் கழற்றினார். கோயில் பாதிரியாரிடம் யாரோ டயருக்குக் காற்றடிக்கச் சொன்னதுபோல இருந்தது அவர் முகம்.

"சாப்பாடு எங்க போகுது?"

"வயித்துக்கு."

"நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

"இந்த நாற்காலியில."

"வாய்த் துறையில. வாய்க்குள்ள நடக்கிறதை என்ன வேணாக் கேளுங்க, சொல்றேன். உள்நாக்குக்குக் கீழ நான் கருத்துச் சொன்னா அது அத்துமீறல். அடுத்த ஆள்!"

பல் வலியில் மெல்ல முடியாது. மெல்ல முடியாததால் நிக்கானோர் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, மேலே குளிர்ந்த தெரெரே மூலிகைத் தண்ணீரை உறிஞ்சினார். பல் அடங்கியது. வயிறு எழுந்தது. முதலில் நெஞ்சுக்குழியில் யாரோ சுருட்டை அணைத்த மாதிரி ஓர் எரிச்சல். அப்புறம் ஆன்டிபயாடிக் தன் பங்குக்குக் கீழ்ப்பக்கம் வேலையை ஆரம்பித்தது.

"யோவ், ரெண்டு வாய் மரவள்ளியாவது மசிச்சுத் தரேன், முழுங்கு. வெறும் வயித்துல எதைத்தான் கொட்டுவ?" என்றாள் ஒப்துலியா.

"டாக்டர் ஒண்ணும் சொல்லலியே."

"டாக்டர் சொன்னாத்தான் சோறா? அப்போ இவ்வளவு நாளா யாரு சொல்லித் தின்ன?"

நிக்கானோர் மாளிகையை நம்பினார். மாதாமாதம் பிடித்தம் கொடுத்த ஒன்றை நம்பாமலிருப்பது அவருக்குக் காசை வீணடிப்பதாகப் பட்டது.

அடுத்த ஞாயிறு, எதிரணிக்கு மூலை உதை கிடைத்த நேரத்தில், அவர் மைக்கை வைத்துவிட்டு ஓடினார். வானொலியில் நெடுநேரம் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர், பந்து எங்கே என்று தெரியாமல், "ஆட்டம் தொடர்கிறது, நேயர்களே" என்றார். அதற்குள் ஆட்டம் முடிந்து பந்தை வலைப்பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். நிலைய உரிமையாளர் அவர் தோளில் கைபோட்டு அன்பாகச் சொன்னார்: "நிக்கா, உடம்பைப் பார்த்துக்க. இறுதி ஆட்டத்துக்கு வேற ஆளும் தயாரா வச்சிருக்கேன், கவலைப்படாத." கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்றாம் மாடியில் வயிற்றுத் துறைத் தலைவர் டாக்டர் கன்யேத்தே மெலிந்த மனிதர். நிக்கானோரின் வயிற்றைத் தொடாமல், நாற்காலியிலிருந்தே நோட்டம் விட்டார்.

"மாத்திரை யார் கொடுத்தது?"

"கீழ டாக்டர் மரேக்கோஸ்."

"எதுக்கு?"

"பல்லுக்கு."

"அப்படின்னா இது வயித்துவலி இல்ல."

"எரியுது டாக்டர்."

"எரியட்டும். அது பல் துறையோட எரிச்சல், என் மாடியில வந்து எரியுது. அவங்க வீட்டுக் குப்பையை என் வாசல்ல கொட்டினா நான் கூட்டணுமா?"

"அந்த வலி மாத்திரையை நிறுத்திடலாமா?"

கன்யேத்தே பதறிப்போனார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு துறை எழுதின மருந்தை இன்னொரு துறை நிறுத்துறதா? மரேக்கோஸும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. அவர் பொண்ணு கல்யாணத்துல நான் ஆடியிருக்கேன். மாளிகையில மருந்தைச் சேர்க்கலாம். எடுக்கிற வழக்கம் இல்ல."

சேர்த்தார். வெள்ளையாக ஒரு கூழ், வயிற்றுக்குப் பூச்சு. அது பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டது. வலி கூடியது. நிக்கானோர் மறுபடி கீழ்த்தளத்துக்கு இறங்கினார். மரேக்கோஸ் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் பழைய மருந்து என்ன என்று கேட்கவில்லை; கேட்டால் மரேக்கோஸைச் சந்தேகிப்பதாக ஆகும். புதிதாக, இன்னும் கடுமையான வலி மாத்திரை ஒன்றை எழுதினார்.

மருந்து ஜன்னலில் இருந்த அம்மாள் பழைய வலி மாத்திரை, புதியது என இரண்டு பெட்டிகளையும் கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"ரெண்டையும் போடறீங்களா?"

"ஆமா. ஏன், ஏதாவது தப்பா இருக்கா?"

"தப்பா இருக்கான்னு சொல்றது அடுத்த ஜன்னல்."

அடுத்த ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே ஒரு சிலந்தி வசதியாகக் குடியிருந்தது. நிக்கானோர் நன்றி சொல்லிவிட்டு இரண்டு பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஈறு வடிந்தது. பல்லைப் பிடுங்கத் தேதி கேட்டு வாய்த் துறை மேசைக்குப் போனார். மேசைக்குப் பின்னாலிருந்தவன் கணிப்பொறியைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உங்களுக்கு வயித்துல கோளாறுன்னு காட்டுது. மேல போய் வயிறு சரின்னு எழுதி வாங்கிட்டு வாங்க, பிடுங்கிடலாம்."

மேலே போனார். மேல் மேசைக்காரி தலையை ஆட்டினாள்.

"வலி மாத்திரையை விட்டாத்தானே வயிறு சரியாகும்? விட்டுட்டு வாங்க, எழுதித் தரோம்."

"பல்லைப் பிடுங்கினாத்தானே மாத்திரையை விட முடியும்?"

"ஆமா."

"வயிறு சரியானாத்தானே பல்லைப் பிடுங்குவாங்க?"

"ஆமா," என்றாள் அவள், மந்தமான மாணவன் கடைசியில் பாடத்தைப் புரிந்துகொண்டதைக் கண்ட ஆசிரியை போல மலர்ந்து. "பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு!"

நிக்கானோர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டும் கால்சட்டை நழுவியது. வெளிக்குக் கறுப்பாகப் போயிருந்தது. அதை எந்த மாடியில் சொல்வது என்று தெரியாமல் யாரிடமும் சொல்லவில்லை. ஒப்துலியாவிடம்கூட.

இந்தச் சமயத்தில்தான் நடு மாடியின் கதவு அவருக்குத் திறந்தது.

மாளிகையின் இயக்குநர் டாக்டர் கசிமீரோ பெரால்தா அவரை 'தோன்' என்று மரியாதை அடைமொழியோடு உள்ளே கூப்பிட்டு, தோல் நாற்காலியில் உட்காரவைத்தார். அறை ஐஸ்பெட்டி போலக் குளிர்ந்தது.

"உங்க குரல்னா எங்க அம்மாவுக்கு உசுரு, தோன் நிக்கானோர்! உங்க கஷ்டம் எல்லாம் கேள்விப்பட்டேன். மனசு கனத்துப்போச்சு. உடனே ஒரு முடிவு எடுத்தேன்."

"பல்லைப் பிடுங்கறீங்களா?"

"விழா எடுக்கறோம்! வயிற்றுப் பாதுகாப்பு விழா. அமைச்சகத்துலேருந்து ஆள் வராங்க. உங்க ரேடியோவுல நேரடி ஒலிபரப்பு. நீங்கதான் தொகுத்து வழங்கணும்."

"டாக்டர், என்னால நிக்கவே முடியல."

"விழா முடிஞ்ச அடுத்த நாள் பல்லு உங்க கையில இருக்கும். என் வாக்கு."

நிக்கானோர் ஒப்புக்கொண்டார். வீட்டில் ஒப்துலியா கத்தினாள். "மேடையில நின்னு அவனுங்களுக்குக் கொட்டடிக்கப் போறியா? உன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு, கண்ணாடியில பாத்தியா?"

"பல்லைப் பிடுங்கிடுவாங்கடி. அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

"பல்லு பிடுங்க ஒரு ஆளு கச்சேரி பண்ணணும்னு உலகத்துல எங்கயாவது உண்டா?" என்றவள், விழாவன்று தானே அவரை வேனில் கொண்டுவந்து விட்டு, முதல் வரிசை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாளிகை முற்றத்தில் பந்தல். வெயில் தகரத்தில் பொரிந்தது. மேடைப் பின்திரையில் சிரிக்கும் வயிறு ஒன்றை வரைந்திருந்தார்கள். அதற்குக் கையும் காலும் இருந்தன. வந்தவர்களுக்கெல்லாம் எண்ணெய் சொட்டும் எம்பனாதா என்ற இறைச்சிச் சோமாசியும் கறுப்புக் காப்பியும் கொடுத்தார்கள். நிக்கானோர் காலையில் இரண்டு வலி மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கியிருந்தார். மேலே அந்தக் காப்பியைத்தான் குடித்தார். மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த நேயர்களே" என்றதும் தொழில் கைகொடுத்தது. ஊர் முழுக்க வானொலிகள் அந்தக் குரலுக்காகத் திருகப்பட்டன.

பெரால்தா பேச எழுந்தார்.

"பெருமக்களே! இந்த மாளிகையில் பல் மருந்தால் வயிறு கெட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை!"

கைதட்டல்.

"எப்படிச் சாதித்தோம்? எங்கள் கணிப்பொறியில் அப்படி ஒரு நோய்க்கு இடமே ஒதுக்கவில்லை. இடம் கொடுத்தால்தானே ஐயா, நோய் வந்து உட்காரும்? அண்டை நாடுகளிலிருந்து வந்து இந்த முறையைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போகிறார்கள். நோயாளிகள் ஏதேதோ சொல்வார்கள். எரிகிறது என்பார்கள். சுடுகிறது என்பார்கள். நோயாளி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் மருத்துவம் செய்ய நேரம் ஏது? எங்கள் ஊழியர் எவரும் தம் வேலையைத் தாண்டி ஓர் அங்குலம்கூடப் போனதில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்! இதோ, எங்கள் சிகிச்சையின் வெற்றிக்கு வாழும் சான்று, உங்கள் அன்புக் குரல், தோன் நிக்கானோர் ஒவெலார்!"

வாழும் சான்று மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. காப்பித்தூள் போலக் கறுப்பாக ஒன்று வந்தது. அதன் பின்னால் சிவப்பாக வந்தது. முழங்கால் மடங்கி, சிரிக்கும் வயிற்றின் காலடியில் விழுந்தார். மைக் உருண்டு மேடை விளிம்பில் நின்றது. அதை யாரும் அணைக்கவில்லை.

மேடையில் இரண்டு துறைத் தலைவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். ஓடிவந்தார்கள், உண்மைதான். குனிந்தும் பார்த்தார்கள், நிக்கானோரை அல்ல, அவர் கக்கியதை.

"உங்க கேஸ்," என்றார் மரேக்கோஸ்.

"என்னுதா? வாயிலேருந்து வந்ததை எல்லாரும் பார்த்தாங்களே."

"வந்த வழி வாய். கிளம்பின இடம் வயிறு."

"கிளம்பினதை யாரு பார்த்தா? உங்க மாத்திரைதான் உள்ள போய்க் கிளப்பிவிட்டுது."

"உங்க வெள்ளைக் கூழ் என்னத்தைக் கிழிச்சுது? என் பல்லைத்தான் நாசம் பண்ணுச்சு."

"ஸ்ஸ், மெதுவாப் பேசுங்க," என்றது பெரால்தாவின் குரல். "அமைச்சகத்து ஆள் காலணியில பட்டிருக்கு. முதல்ல அதைத் துடைக்கச் சொல்லுங்க யாரையாவது."

இது அத்தனையும் சான் ஹிலாரியோ வானொலியில், இரைச்சல் இல்லாமல், துல்லியமாகப் போய்க்கொண்டிருந்தது. சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். சந்தையில் மூலிகை இடிப்பவர்கள் உலக்கையை நிறுத்தினார்கள். அடுத்து ஊர் கேட்டது ஒப்துலியாவின் குரல்:

"தள்ளுங்கய்யா! மனுஷன் செத்துக்கிட்டு இருக்கான், எச்சி யாரோடதுன்னு பஞ்சாயத்தா பண்றீங்க? காலைப் பிடி, நீதான்யா கோட்டுக்காரா, பிடிக்கச் சொன்னேன்ல!"

கோட்டுக்காரர் அமைச்சகத்து ஆள். அவர் பிடித்தார். அன்று மாளிகையில் ஒரு நோயாளியைத் தொட்டுத் தூக்கிய ஒரே அரசு அதிகாரி அவர்தான்.

வேனின் பின்னிருக்கையில், பிள்ளைகள் விட்டுப்போன பந்துக்கும் பென்சில்களுக்கும் நடுவே நிக்கானோரைப் படுக்கவைத்து, ஒப்துலியா மாவட்டப் பொது மருத்துவமனைக்கு விரட்டினாள். அது சுண்ணாம்பு உதிரும் கட்டடம். மின்விசிறி சுற்றுவதற்கு முன் யோசிக்கும். அவசரப் பிரிவில் ஃப்ளோரிந்தா என்ற டாக்டர், முந்தின நாளிலிருந்து தூங்காத கண்ணோடு, ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"கடைசியா எப்போ சாப்பிட்டாரு?"

ஒப்துலியாவுக்கு ஏனோ அந்தக் கேள்வியில் அழுகை வந்துவிட்டது. மாளிகையில் அத்தனை மாடிகளிலும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை அதை. அழுதுகொண்டே கைப்பையைக் கவிழ்த்தாள். மாத்திரைப் பெட்டிகள் கட்டிலில் சிதறின.

ஃப்ளோரிந்தா இரண்டு பெட்டிகளை எடுத்து ஒன்றாக வைத்தாள். "ரெண்டும் ஒரே வகைதாங்க, பேருதான் வேற. ஒண்ணே வெறும் வயித்துல போனா அரிக்கும். ரெண்டும் சேர்ந்து ஓட்டை போட்டிருக்கு." திரும்பி, "ரத்தம் ஏத்தணும், சீக்கிரம்!" என்று குரல் கொடுத்தாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதை அடைத்தார்கள். நிக்கானோர் பிழைத்தார். வயிறு ஆறும்வரை பல்வலிக்கு வெறும் பாராசிட்டமாலும், வயிற்று அமிலத்துக்கு ஒரு மாத்திரையும், மெல்ல வேண்டாத மரவள்ளிக் கஞ்சியும் கொடுத்தார்கள். தெம்பு வந்ததும், அந்த மருத்துவமனையின் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி குத்திப் பல்லைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார். நிக்கானோர் அதற்குத் தயாராக ஜெபம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.

"இனிமே வலி மாத்திரைன்னா ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான்," என்றாள் ஃப்ளோரிந்தா, வீட்டுக்கு அனுப்பும்போது. "ரெண்டு பேரு ரெண்டு மாத்திரை கொடுத்தா, ரெண்டையும் ஒரே ஆளுகிட்ட காட்டிக் கேளுங்க. வெளிக்குக் கறுப்பாப் போச்சுன்னா அன்னைக்கே ஓடி வரணும். வெக்கப்பட்டா செத்துப்போவீங்க."

இறுதி ஆட்டத்தை வேறு ஆள் வர்ணித்தார். மோசமாக இருந்தது என்று நிக்கானோரிடம் எல்லாரும் வந்து சொன்னார்கள். அவருக்கு அது கஞ்சியைவிட நன்றாக இறங்கியது.

மாளிகை சும்மா இருக்கவில்லை. விசாரணைக் குழு அமைத்தது. ஊரே கேட்டுவிட்ட ஒன்றை எப்படி விசாரிக்காமல் விடுவது? குழு உட்கார்ந்து, எழுந்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய், மறுபடி உட்கார்ந்து, குற்றவாளியைக் கண்டுபிடித்தது: மைக். அணைக்கப்பட வேண்டிய நேரத்தில் அது அணைக்கப்படவில்லை. மாளிகை வளாகத்தில் இனி மைக்குக்குத் தடை. மரேக்கோஸும் கன்யேத்தேயும் தத்தம் எல்லையைக் கடைசிவரை காத்ததற்காகப் பாராட்டப்பட்டார்கள். பெரால்தா பதவி உயர்ந்து தலைநகர் அசுன்சியோனுக்குப் போனார். போகும்போது, நிக்கானோர் ஒவெலார் குணமடைந்தவர் என்று அறிவித்து, மேடையில் மைக்கோடு நின்ற அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வாசற்கூடத்தில் மாட்டச் செய்தார். அடியில் எழுதியிருந்தது: "எங்கள் கைகளில் நலம்பெற்றவர்."

இதை வானொலி நிலையத்து ஆள் ஒருவர் வந்து சொன்னபோது, ஒப்துலியா எழுந்தாள். வேன் சாவியை எடுத்தாள்.

"எங்க?" என்றார் நிக்கானோர்.

"உன்னைக் கூட்டிட்டு வர."

மாளிகை வாசற்கூடத்தில் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அவள் ஏறினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார். படம் கனம். ஒரு முனையை அவளும் மறுமுனையை நிக்கானோரும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். காவலாளி குறுக்கே கையை நீட்டினான்.

"அம்மா, நில்லுங்க. மாளிகைப் பொருள் வெளிய போகணும்னா அந்தந்தத் துறையோட அனுமதி வேணும்."

"எந்தத் துறை?"

காவலாளி படத்தைப் பார்த்தான். மறுமுனையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தான். குழம்பினான்.

"அதைத்தான் கேக்கறேன். இவரு வாயா, வயிறா?"

"முழு ஆளு," என்றாள் ஒப்துலியா.

அவன் சுவரில் தொங்கிய துறைப் பட்டியலை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தான். காது இருந்தது. முழங்கால் இருந்தது. நகத்துக்குக்கூடத் தனி அறை இருந்தது. முழு ஆள் என்று எதுவும் இல்லை. இல்லாத துறைக்கு அனுமதி கேட்க அவனுக்கு விதி இல்லை.

கதவைத் திறந்துவிட்டான்.